டீசல் எஞ்சினில் கரிப்படிவும் எரிபொருள் சேர்க்கைகளும்

டீசல் எரிந்ததில் மிஞ்சும் புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்து எஞ்சினின் உட்பாகங்களில் இறுகி ஒட்டுவதே கரிப்படிவு. டீசல் செல்லும் வழியிலும் அது படியும், காற்று செல்லும் வழியிலும் படியும். டாங்கில் ஊற்றும் சேர்க்கை எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

டீசல் வழியில் முதலில் பாதிக்கப்படுவது இன்ஜெக்டரின் முனை. காமன் ரெயில் எஞ்சினில் 1,600 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் அதன் துளைகள் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இருக்கும். அங்கே மெல்லிய படலம் படிந்தாலும் தூவல் கோணிவிடும். பிக்கப் குறையும், கரும்புகை வரும்.

காற்று வழியின் கதை வேறு. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை ஈ.ஜி.ஆர். வால்வு மீண்டும் உள்ளே அனுப்புகிறது. அந்தக் கரியும் கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் இன்டேக் மேனிஃபோல்டில் சேர்ந்து தார் போல் கெட்டிப்படுகின்றன. டீசலோ நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இந்தப் பக்கமே வருவதில்லை. ஆகவே டாங்கில் எந்த டப்பாவைக் கவிழ்த்தாலும் மேனிஃபோல்டு சுத்தமாகாது. அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

சேர்க்கைகளில் முக்கியமானது அழுக்குநீக்கி. பாலிஐசோபியூட்டிலீன் சக்சினிமைடு போன்ற இதன் மூலக்கூறின் ஒரு முனை அழுக்கைப் பற்றும், மறுமுனை டீசலில் கரையும், சோப்பின் வேலைதான். 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட் சீட்டேன் எண்ணை உயர்த்தி, டீசல் தாமதமின்றிப் பற்ற உதவுகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, பி.எஸ்.-4இல் அது 50. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் போய்விடுவதால், அதை ஈடுகட்டும் சேர்க்கை பெட்ரோல் பங்குக்கு வருமுன்பே கலக்கப்படுகிறது. உயர்ரக டீசலில் அழுக்குநீக்கியும் இருக்கும். அதன் மேல் இன்னொரு டப்பா ஊற்றினால் பலன் இரட்டிப்பாகாது.

உலோகம் கலந்த சேர்க்கைகள் எரிந்தபின் சாம்பலை விடும், டி.பி.எஃப். எனும் கரிவடிகட்டி உள்ள காரில் உற்பத்தியாளர் சொல்லாமல் அவற்றை ஊற்றக் கூடாது. யூரியாக் கரைசலான டி.இ.எஃப். சேர்க்கையே அல்ல; அதற்குத் தனி டாங்க் உண்டு. டீசல் டாங்கில் ஊற்றினால் இன்ஜெக்டர் வரை பழுதாகும்.

ஓட்டும் முறையும் கரியின் அளவைத் தீர்மானிக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தியைத் தாண்டி மேலே ஏறும்போது, கியரைக் குறைக்காமல் எஞ்சினை முக்கவிட்டால் காற்று போதாமல் கரும்புகை தள்ளும். ஒரு கியர் இறக்கி, சுழற்சி விழாமல் ஏறினால் புகை குறையும். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடிய காருக்கு இத்தகைய ஏற்றம் நல்லதே: புகை வெப்பம் உயர்ந்து, வடிகட்டியில் தேங்கிய கரி எரிய வழி கிடைக்கிறது. அந்த எரிப்புக்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் தேவை. மேனிஃபோல்டில் இறுகிய படிவு மட்டும் எந்த ஏற்றத்துக்கும் அசையாது.