பெனிதா பெர்சியாள்

பெனிதா பெர்சியாள் (பி. 1978), சென்னையில் பணிபுரியும் சிற்பி, பதிப்போவியர். பிறந்த ஊர் திருவண்ணாமலை; அன்று அது வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியமும் பதிப்போவியமும் பயின்றார்.

பழைய கட்டடங்களிலிருந்து கழித்த மரம், விதை, மூலிகை, சாம்பிராணி ஆகியவையே இவருடைய மூலப்பொருள்கள். 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே கலைக்காட்சியில், பெப்பர் ஹவுஸ் கிடங்கில் 'த ஃபயர்ஸ் ஆஃப் ஃபெய்த்' படைப்பை வைத்தார். மரப்பட்டைத் தூள், சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை, கிராம்பு சேர்த்துக் குழைத்த கிறித்தவ உருவங்கள் அவை. பார்வையாளரின் கண்ணுக்கு முன்பே மூக்கு அவற்றை அறிந்துகொள்ளும்.

மிளகு கப்பலேறிய கரை, இந்தக் கொச்சி-முசிறிக் கரை. புனித தோமா வந்திறங்கியதாகக் கேரளக் கிறித்தவர்கள் நம்பும் கரையும் அதுதான். வணிகத்தையும் விசுவாசத்தையும் ஒரே பொருளில் பிசைந்து காட்டிய இப்படைப்பே இவருடைய ஆகச்சிறந்த சாதனை.