தெருக் கண்ணாடியில் ஒரு பெயரிலி

நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் தார்சாச் சுவரை அண்ணாந்து நோக்குவார்க்கு ஒரு செய்தி விளங்கும். நாற்காலியில் வீட்டுத் தலைவர் அமர்ந்திருப்பார். அருகே மனைவி நின்றிருப்பார். படம் ஒட்டிய அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் பெயர் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நின்ற பெண்ணின் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது.

தன்னைத் தானே படமெடுத்தல் இந்நாட்டில் முதலில் அரசர்க்கே இயன்றது. திரிபுரா மன்னர் வீரச்சந்திர மாணிக்கியர் 1880ஆம் ஆண்டளவில் தம் அரசியோடு தாமே எடுத்துக்கொண்ட படம் இன்றும் பேசப்படுகிறது. அவருக்குக் கருவி வாங்கச் செல்வம் இருந்தது. நிற்பதற்கு அரண்மனை இருந்தது. இவ்விரண்டும் இல்லாத ஒரு பணிப்பெண் அமெரிக்கத் தெருக்களில் அதே செயலை ஆண்டுக்கணக்கில் செய்தார். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

விவியன் மேயர் 1926இல் நியூயார்க்கில் பிறந்தவர். இளமையின் ஒரு பகுதியைத் தாயின் நாடாகிய பிரான்சில் கழித்து, 1951இல் மீண்டார். 1956இல் சிகாகோ சென்றார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பிறர் வீடுகளில் குழந்தை வளர்க்கும் செவிலியாக வாழ்ந்தார். கழுத்தில் தொங்கிய ரோலிபிளக்ஸ் கேமராவுடன், குழந்தைகளை அழைத்துச் செல்லும்போதும் ஓய்வு நாள்களிலும் தெருக்களை எடுத்தார். எடுத்தவை ஓரிலக்கத்துக்கும் மேல். எவர்க்கும் காட்டியது அரிது.

அக்கருவியின் இயல்பை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். அதனைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. இடுப்பளவில் தாங்கி, தலை குனிந்து, மேலிருக்கும் கண்ணாடித் தட்டில் உருவத்தைக் காண்பர்; இடம் வலமாகத் தெரியும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். குனிந்த தலையைக் கண்டு எதிரிலிருப்பவர் அஞ்சுவதில்லை. பணிப்பெண்ணுக்குப் பழகிய அந்தக் குனிவே அவருக்குத் தெருவைத் திறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்மை அவர் எடுத்த படங்களில் தற்பெருமை இல்லை. கடைக் கண்ணாடியில் பொருள்களோடு பொருளாக நிற்கிறார். வண்டிச் சக்கரத்தின் மூடியில் வளைந்து தெரிகிறார். புல்வெளியில் தொப்பியணிந்த நிழலாக விழுகிறார். முகம் பெரும்பாலும் சிரிப்பதில்லை. தெருவில் கண்ட கிழவர், குழந்தை, குடிகாரர் ஆகியோருள் ஒருவராகவே தம்மையும் வைத்தார். அகத்திணையில் தலைமக்களுக்குப் பெயர் சுட்டலாகாது என்றது தொல்காப்பியம். மேயர் தெருவில் கண்டோர்க்கும் பெயரில்லை. தம் பெயரையும் அவர் இடத்துக்கிடம் மாற்றிச் சொன்னதுண்டு.

2007இல் சேமிப்பறைக்கு வாடகை கட்ட இயலாமையால் அவர் பெட்டிகள் ஏலம் போயின. வட்டார வரலாற்று நூலொன்றுக்குப் படம் தேடிய ஜான் மலூஃப் என்னும் இளைஞர், ஏறத்தாழ 30,000 நெகட்டிவ்களைச் சுமார் 400 டாலருக்கு எடுத்தார். எடுத்தவர் யார் என்பது விளங்கி அவர் தேடியபோது, மேயர் 2009 ஏப்ரலில் மறைந்திருந்தார். கழுவப்படாத சுருள்களே மிகப்பல. தம் படங்களுட் பலவற்றை அவரே கண்டதில்லை!

பொருநைக்கரையார்க்கு இக்கதை முற்றும் புதிதன்று. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே.சா., அதற்கான சுவடி தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்தவர். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடப்பட்டதைக் கேட்டு வருந்தியவர். சுவடிகளில் கிடைத்த புலவர் சிலர்க்கு இயற்பெயரே இல்லை. அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என அவரவர் கண்ட காட்சியே பெயராயிற்று. முற்றத்தில் ஆடும் அணிலும் குப்பையில் பொரும் கோழியும் தெருப்படக்காரர் கண்ணுக்குரியவை அல்லவா?

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அப்புலவர்கள் பிறர் கேட்கவே பாடினர். மேயர் காட்ட விரும்பினார் என்பதற்குத் தெளிவான சான்றில்லை. அவர் படங்களை நாம் பார்ப்பது முறையா என வினவுவோர் உளர். அவர் அவற்றைக் கொளுத்தவில்லை. வாடகை தந்து காத்தார். ஆதலின் பார்க்கலாம் என்பதே என் துணிபு. விற்றுப் பொருளீட்டல் வேறு வழக்கு. காப்புரிமை பற்றி 2014இல் சிகாகோவில் எழுந்த பிணக்கு 2016இல்தான் உடன்பாடு கண்டது. கூலிக்கு உழைத்தவரின் படங்கள் பெரும்பொருள் ஈட்டின. அதில் ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை.

1955ஆம் ஆண்டுப் படமொன்று என் நெஞ்சை விட்டு அகலாதது. தெருவில் ஒரு தொழிலாளி பெரிய கண்ணாடியொன்றைத் தூக்கிச் செல்கிறார். அது திரும்பிய கணத்தில், குனிந்து கேமரா தாங்கிய ஓர் இளம்பெண் அதனுள் தெரிகிறாள். சுமப்பவர்க்குத் தாம் சுமப்பது இன்னாரை என்று தெரியாது.