தீனாரும் காசும்

அரபுக் கல்லூரிகளில் ஜகாத் பாடம் நடக்கையில் இருபது தீனார் என்னும் நிஸாப் அளவு வரும். "ஹஜ்ரத், ஸ்பானியர் பணத்தை 'தினேரோ' என்கிறார்களே, அது நம் தீனார்தானே?" என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பதுண்டு. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்கால அந்தலூஸ் வரலாற்றைப் படித்தவர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் அது சரியன்று.

இரு சொற்களுக்கும் தாய், இலத்தீன் மொழியின் 'தெனாரியுஸ்'. பத்து என்னும் எண்ணின் வேரிலிருந்து பிறந்த பெயர். தொடக்கத்தில் பத்து 'ஆஸ்' செப்புக்காசுக்கு ஈடான வெள்ளி நாணயத்தைக் குறித்தது. மேற்கே அது மக்கள் நாவில் உருமாறித் தினேரோ ஆயிற்று. முதலில் ஒரு சிறு நாணயத்தின் பெயராக இருந்து, பிறகே பணம் அனைத்திற்கும் பொதுப்பெயரானது. கிழக்கே கிரேக்கத்தின் வழியே அரபியை அடைந்து பொன் நாணயத்தைக் குறித்தது. திருமறை (3:75) தீனாரைக் குறிப்பிடும் காலத்தில் ஹிஜாஸ் மக்கள் சொந்தமாக நாணயம் அச்சிடவில்லை. மக்கத்து வணிகர் கண்டது பைஸாந்தியப் பொன்தான். ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, கலிமா பொறித்த, சுமார் 4.25 கிராம் எடையுள்ள தீனாரை வெளியிட்டார். ஆக, தீனாரும் தினேரோவும் உடன்பிறப்புகள்.

ஸ்பெயினுக்கு அரபி ஈந்த நாணயச்சொல் வேறு. 'மரவெதி' என்னும் அச்சொல் முராபித்தூன் ஆட்சியாளரின் பெயரால் வந்தது. கிறிஸ்தவ மன்னர் எட்டாம் அல்போன்ஸோ 1170களில் தொலேதோவில் அவர்களுடைய தீனாரைப் பின்பற்றி அரபு எழுத்துகளுடனேயே பொற்காசு அடித்தார். சந்தையின் நம்பிக்கை அந்த எழுத்தின்மீது இருந்தது!

உரோமப் பொன் நம் பக்கமும் வந்தது. தஞ்சைக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டப்பட்டிருந்தது.

நம் 'காசு' என்னும் சொல்லிலும் இதே மயக்கம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, கோயிற் பொருளைப் பெற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தின, நூற்றுக்குப் பன்னிரண்டரை. (வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கே நம் பேச்சன்று.) அச்சொல்லைப் போர்ச்சுகீசியர் 'கைஷா' என்றனர்; ஆங்கிலேயர் 'கேஷ்' என்றனர். சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620இல் தரங்கம்பாடியைப் பெற்ற டேனியரும் தம் நாணயங்களில் 'காஸ்' என்றே பொறித்தனர்.

இவ்வளவும் தமிழ்ச்சொல்லின் பயணம். ஆனால் ரொக்கம் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்', பணப்பேழையைக் குறித்த இத்தாலிய 'காஸ்ஸா' பிரெஞ்சு வழியே வந்தது. ஒலியால் மட்டுமே நம் காசுக்கு உறவு. மேடைகளில் இதனையும் தமிழென முழங்குவோர், தினேரோவைத் தீனாரின் பிள்ளை என்போருக்குத் துணை போகின்றனர்.