இட்டி அச்சுதன் சொல்லிய நூல்

விஞ்ஞான ஆசிரியராகப் பயில்வோர்க்குத் தாவரவியலின் வரலாறு பெரும்பாலும் சுவீடன் தேசத்து லின்னேயசிலிருந்தே தொடங்கிக் கற்பிக்கப்படுகின்றது. 1753இல் வெளிவந்த அவருடைய நூல் செடிகொடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிற்று என்பது உண்மையே. ஆயின், ஆசியாவில் ஒருநாளும் கால்வைத்திராத அவ்வறிஞர் இப்பகுதியின் மரங்களை எங்ஙனம் அறிந்தார்? இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று கொச்சிக் கோட்டையிற் கிடைக்கின்றது.

1663இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1670 முதல் 1677 வரை அங்கு வான் றீட் என்பவரைத் தளபதியாக வைத்திருந்தனர். அவர் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் 12 பாகங்களாக இலத்தீன் மொழியில் வெளிவந்தது. 700இற்கு மேற்பட்ட தாவரங்கள் அதிற் படங்களுடன் விளக்கப்பெற்றுள்ளன. அறிவு வேட்கை ஒன்றே இம்முயற்சிக்குக் காரணமன்று. மலையாள நாட்டின் மருந்துச் செல்வத்தைக் கொம்பனியாருக்குக் காட்டும் நோக்கமும் அதில் இருந்தது. நூல் முற்றுப்பெறுமுன், 1691இல், வான் றீட் கடற்பயணத்தின்போது இறந்தார்.

தாவரங்களின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களுள் தலையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவகுல வைத்தியர். சேர்த்தலையை அடுத்த கரப்புறத்தைச் சேர்ந்தவர். தம் குடும்பத்தில் வழிவழியாக இருந்துவந்த ஏட்டையும் தம் அனுபவத்தையும் கொண்டு அவர் மலையாளத்திற் சொல்ல, அது போர்த்துக்கேய மொழிக்கும் பின்னர் இலத்தீனுக்கும் மாற்றப்பட்டது. 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்டு அவர் அளித்த சான்று, அவருடைய கோலெழுத்திலேயே முதற் பாகத்தில் அச்சாகியுள்ளது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணிப் பிராமணர் மூவர் வேறொரு சான்று எழுதினர். ஈழவ வைத்தியரும் பிராமணரும் ஒரே நூலுக்குத் துணைநின்றமை அக்காலச் சாதி ஒழுங்கை அறிந்தவர்க்கு வியப்பளிக்கும். சான்றுகள் தனித்தனியாகவே எழுதப்பட்டன என்பதையும் மறத்தலாகாது.

லின்னேயஸ் இந்நூலைப் பெரிதும் பயன்படுத்தினார். அவருக்குக் கிடைத்தவை வெறும் படங்களல்ல, ஒழுங்குபட்ட பெயர்களுமாகும். பேரால், அரயால், அத்தியால், இத்தியால் என மலையாள வைத்தியர் ஒரு பொதுச்சொல்லும் ஒரு சிறப்புச்சொல்லுமாக வழங்கிய மரங்கள், இன்றைய தாவரவியலிலும் 'பைக்கஸ்' என்னும் ஒரே சாதியில் அடங்குகின்றன. ஈரிடத்தாரும் வேறுவேறு வழிகளால் ஒரே தொகுதியை அடைந்தனர். 'ஹோர்த்துஸ்' நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பேராசிரியர் கே. எஸ். மணிலாலின் நெடுநாளைய உழைப்பினால் 2003இலும், மலையாள மொழிபெயர்ப்பு 2008இலுமே வெளிவந்தன. மலையாளத்திற் சொல்லப்பட்டது மலையாளிகளின் கைக்கு மீள 330 ஆண்டுகள் சென்றன.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1672இல் கொம்பனி வைத்தியராக இங்கு வந்த போல் ஹெர்மன் திரட்டிய தாவரங்களைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தனிநூலை எழுதினார். தாமரைச் சாதிக்கு வழங்கும் 'நெலும்போ' என்ற பெயர் 'நெலும்' என்ற சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. 'மொறிங்கா' நம் முருங்கையே. தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒருங்கே பயிலும் கலாசாலையில் இவ்விரு சொற்களும் ஒரு பாடத்துக்குப் போதுமானவை.

ஆயினும், சுதேச அறிவு அனைத்தும் விஞ்ஞானமே எனப் புகழ்ந்து விடுவது உரையாடல் ஆகாது; அது பாராட்டுரை மாத்திரமே. அத்தியும் ஆலும் பூக்காமற் காய்ப்பன என்பது நம் முன்னோர் கொள்கை. அதனை மூடத்தனம் என்று ஒதுக்கும் ஆசிரியர், பாட்டனாரிடம் அதைக் கேட்டு வந்த பிள்ளையையும் உடன் ஒதுக்கிவிடுகிறார். மரத்தின் வெளியே பூவைக் கண்டவர் எவருமிலர். ஆதலின் முன்னோரின் நோக்கு பிழையன்று, முடிபே குறைவுடையது. ஆசிரியப் பயிற்சி பெறுவோர் முதலில் ஊர்ப் பெரியோரிடம் சென்று, அத்தியைப்பற்றி அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதி வருதல் வேண்டும். பின்னர் இளங்காய் ஒன்றைப் பிளந்து கைவில்லையால் நோக்கின், உட்சுவரில் நெருங்கி நிற்கும் நுண்ணிய பூக்களும், சிலபோது அவற்றிடையே மகரந்தஞ் சேர்க்கும் சிறு குளவியும் தென்படும். அக்காயை அப்பெரியவரிடமே கொண்டுசென்று காட்டுவது பாடத்தின் இரண்டாம் பகுதி.