அரிதாரம்: முகத்தில் ஏறிய கனிமங்களின் கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுவை நோக்கிப் பயணிப்போர் மரக்காணத்தை நெருங்கும்போது கண்களைச் சற்றே சுருக்கிக்கொள்ள நேரும். அங்கு விரிந்து கிடக்கும் உப்பளங்கள் வானத்து வெயிலை வாங்கி அப்படியே முகத்தில் திருப்பி எறியும். சோழர் காலக் கல்வெட்டுகளைச் சுமந்து நிற்கும் பூமீசுவரர் கோயிலைக் காணச் சென்ற எங்கள் குழுவுக்கும் அதுவே நேர்ந்தது. உப்பளத்தருகே வண்டியை நிறுத்தி இறங்கியபோது, உடன் வந்த தோழி ஒருவர் கைப்பையிலிருந்து சிறு டப்பா ஒன்றை எடுத்து, அதிலிருந்த பொடியை முகத்தில் ஒற்றிக்கொண்டார். டப்பாவின் மேல் 'மினரல் மேக்கப்' என்று எழுதியிருந்தது.

"இதற்கே மாறிவிடலாமா என்று பார்க்கிறேன். கனிமம்தானே, ரசாயனம் இல்லையே?" என்றார்.

கோயிலை மறந்து நாங்கள் விவாதத்தில் இறங்கினோம். ஊர் திரும்பிய பின்னும் அது ஓயவில்லை. ஆளுக்கொரு நூலைத் துழாவிச் சேர்த்த செய்திகளை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறோம். கனிமப் பூச்சுக்கு மாறலாமா என்று தமிழர் இன்று கேட்பது, ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்குக் குடிபுகலாமா என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் மேடை ஒப்பனைக்கு நாம் வழங்கும் சொல்லே ஒரு கனிமத்தின் பெயர்தான். 'அரிதாரம் பூசியவர்' என்றால் நடிகர். 'அரிதாரம் கலைந்தது' என்றால் வேடம் கலைந்தது. வடமொழியில் ஹரிதாலம் எனப்படும் அந்த அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் கூடி விளைந்த மஞ்சள் நிறக் கல். சித்த மருத்துவர்கள் அதனைத் தாளகம் என்பர். பாடாணங்களுள் ஒன்றாக எண்ணி, முறையாகச் சுத்தி செய்யாமல் கையாளக் கூடாது என்று விலக்கியும் வைத்தனர். பாடாணம் என்றால் நஞ்சு. ஆக, நஞ்சு என்று மருத்துவர் விலக்கிய பொருளைக் கலைஞர் முகத்தில் ஏற்றினர். பொருளின் பெயரே தொழிலின் பெயருமாயிற்று.

இக்கல் தமிழகத்துக்குக் கடல்வழி வந்ததற்குச் சான்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதியதாகக் கருதப்படும் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கையேடு, முசிறி, நெற்குன்றம் ஆகிய மேலைத் துறைகளில் இறக்குமதியாகும் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. பவளம், செம்பு, ஈயம், திராட்சை மது ஆகியவற்றோடு, கண்ணுக்கிடும் அஞ்சனக்கல்லும், மஞ்சள் அரிதாரமும், அதன் செந்நிற உறவான மனோசிலையும் அப்பட்டியலில் உள்ளன. அந்நூல் கீழைக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைக் குறிப்பிட்டு, எகிப்திலிருந்து வரும் பொருள்களில் பெரும்பங்கு அங்கும் வந்து சேரும் என்கிறது. சோபட்மாவை மரக்காணமாகவும் பொதுகேயை அரிக்கமேடாகவும் கொள்வோர் ஆய்வாளருள் உண்டு.

சங்க நூல்களும் இக்கரையை மறக்கவில்லை. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் ஊர், மரக்காணத்துக்கு வடக்கே அடுத்திருக்கும் இடைக்கழி நாட்டு நல்லூர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனை அவர் எயிற்பட்டினத்தின் வழியே அனுப்புகிறார். மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே நுளையர் மகள் அரித்த பழந்தேறலும் சுட்ட உலர்மீனும் பாணர்க்குக் கிடைக்கும். உப்பு வண்டியோட்டும் உமணரும் அவர்தம் பிள்ளைகளும் அதே பாட்டில் வேறோரிடத்தில் வருகின்றனர். ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்டோர் உப்பங்கரையோரம் நடந்து சென்ற காட்சி அது. கலைஞனும் உப்புத் தொழிலாளியும் அன்றே ஒரே வெயிலில் நின்றவர்கள்.

உப்புக்கும் ஒப்பனைக்கும் அதைவிட நெருங்கிய உறவும் ஒன்றுண்டு. பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் எகிப்தியச் சிமிழ்களில், நாலாயிரம் ஆண்டுகளாக எஞ்சியிருந்த கண் மையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதித்து 1999-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். இயற்கையில் கிடைக்கும் ஈயக் கனிமங்களோடு, இயற்கையில் அரிதாகவே காணப்படும் லௌரியோனைட் என்ற வெண்ணிறச் சேர்மமும் அதில் இருந்தது. ஈய ஆக்சைடை உப்பு நீரில் கலந்து, நீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் பொறுமையுடன் வைத்திருந்தால் அது விளையும். தோழியின் கேள்விக்கு இதில் முதற்பாடம் இருக்கிறது. கனிமம் வேறு, ரசாயனம் வேறு என்ற பிரிவினை எகிப்தியரிடமே இல்லை. கனிமப் பூச்சு பிறந்த நாளிலிருந்தே வேதியியலின் பிள்ளைதான்.

அன்று மாலை திண்டிவனம் செல்லும் வழியில் ஓர் ஊரில் தெருக்கூத்து நடக்கவிருந்தது. வேடம் கட்டுமிடத்தில் முதிய கூத்தர் ஒருவரிடம் பேச வாய்த்தது.

"அப்போல்லாம் அரிதாரத்தைக் கல்லுல உரசி, தேங்காண்ணெ விட்டுக் கொழைச்சுப் பூசுவோம் சாமி. விடிஞ்சு கலைக்கச்சொல்ல மூஞ்சி எரியும். ராவெல்லாம் கண்ணு முழிச்ச சூடுன்னு நெனச்சிக்குவோம். இப்போ எல்லாம் டப்பா கலருதான்" என்றார்.

அரிதாரம் நீரில் எளிதில் கரையாது. ஆதலால் பூசிய அன்றே ஆளைச் சாய்ப்பதில்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டுக் காலப்போக்கில் சிதைந்து ஆர்சனிக் டிரை ஆக்சைடாக மாறும் இயல்பு அதற்கு உண்டு. அதுவே கதைகளில் வரும் வெள்ளைப் பாடாணம். உடலில் சிறிது சிறிதாகச் சேரும் ஆர்சனிக் தோலின் நிறத்தைத் திட்டுத்திட்டாக மாற்றும். உள்ளங்கையைத் தடிக்கச் செய்யும். நாள்பட்டால் புற்றுநோயும் தரும். கேரளத்துக் கதகளியின் முகவண்ணங்களில் புகழ்பெற்ற மனயோலையும் ஆர்சனிக் கனிமமே. செந்நிறச் சாயில்யமோ இரசமும் கந்தகமும் கலந்த சாதிலிங்கம். நம் செந்தூரத்தின் ஒரு வகை ஈயத்தால் ஆனது. கலைக்குக் கொடுத்த விலையை நம் நாட்டில் எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

சப்பானியர் எழுதி வைத்தனர். 1887-ஆம் ஆண்டு மெய்சிப் பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம் நடந்தது. அதில் நடித்த நான்காம் நகமுரா புகுசுகே என்ற புகழ்பெற்ற நடிகரின் கால்கள் மேடையிலேயே நடுங்கின. காரணம், அவர் ஆண்டுக்கணக்கில் பூசிவந்த ஈய வெண்பூச்சு. பேரரசர் கண்முன் நடந்ததால் செய்தி நாடெங்கும் பரவியது. ஈயமில்லா வெண்பொடிக்கான தேடல் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அது கடைக்கு வந்தது. ஈயப் பூச்சுக்கு 1930-களில் தடையும் வந்தது. ஓர் ஊர்க்கூத்தரின் முக எரிச்சலோ அரசர் எவர் கண்ணிலும் படவில்லை. நஞ்சு ஒன்றாயினும், அதைக் கண்டறியும் கண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே தீர்வு வருகிறது என்பது வரலாறு கற்பிக்கும் பாடம்.

இனி இன்றைய டப்பாவுக்கு வருவோம். அமெரிக்காவில் 1970-களில் முளைத்து, 1990-களின் பிற்பகுதியில் தொலைக்காட்சி விற்பனையால் பெருகிய இந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பவை நான்கு: துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகள், மினுமினுப்புத் தரும் அபிரகம் என்ற காக்காப்பொன்.

நன்மைகளை முதலில் கூறுவதே முறை. முதலிரண்டு வெண்பொடிகளும் தோலின் மேற்பரப்பிலேயே தங்கி, புற ஊதாக் கதிர்களை உறிஞ்சியும் சிதறடித்தும் தடுக்கின்றன. நீரில்லா உலர்பொடி என்பதால் கெடாமல் காக்கும் மருந்துகள் அதிகம் தேவைப்படுவதில்லை. நறுமணமும் சேர்க்காதிருந்தால் ஒவ்வாமைக்குரிய வாய்ப்புக் குறையும். நம்மவர்க்குக் குறிப்பாகப் பயன்படுவது இரும்பு ஆக்சைடு. கருநிறத் தோலில் தோன்றும் மங்கு, புற ஊதாக் கதிரால் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் கருக்கும்; அவ்வொளியைத் தடுப்பதில் இரும்பின் நிறம் துணை செய்கிறது.

தீமைகள் இவற்றுக்குக் குறைந்தவையல்ல. 'மினரல்' என்ற சொல் விற்பனைச் சொல்லே. கனிமம் நான்கோடு வேறு பொருள் எதையும் கலந்துகொண்டு அப்பெயரில் விற்கலாம். முத்தொளி தருவதற்காகச் சேர்க்கப்படும் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு சிலருக்கு வியர்வையோடு சேர்ந்து அரிப்பைத் தரும். உதிரிப்பொடியைத் தட்டித் தட்டிப் பூசும்போது கொஞ்சம் நுரையீரலுக்கும் போகிறது. டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. முகத்தில் ஒற்றும் மெல்லிய பொடி, வெயில் தடுப்புப் பசையின் முழுக் காப்பைத் தருவதுமில்லை.

இப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் கேட்கத்தக்கது. டைட்டானியத்தின் தாய்க்கல்லான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. 1909-இல் அங்கு கனிம மணலை செர்மானியர் சோம்பர்க் அடையாளம் கண்டார். அதே தென்கரையில் மணற்கொள்ளை பெருகியதும், 2013-இல் தமிழக அரசு கடற்கரைக் கனிம மணல் அள்ளுவதை நிறுத்தியதும் அண்மை வரலாறு. அபிரகமோ சார்க்கண்டு, பீகார் மாநிலங்களின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் சிறுவர்களின் கைகளால் பொறுக்கப்படுவதாகத் தொடர்ந்து செய்திகள் வந்ததன் விளைவாக, 2017-இல் நிறுவனங்கள் பல கூடிப் பொறுப்பான அபிரகத்துக்கென ஓர் அமைப்பையே தொடங்க நேர்ந்தது. முகத்தின் மினுமினுப்புக்குப் பின்னே ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் இருண்டு கிடக்கக் கூடும்.

அப்படியானால் மண்ணில் விளைந்ததை விட்டு மரத்தில் விளைந்ததற்கு ஓடலாமா? அதுவும் தீர்வன்று. நாம் மங்கலமாகக் கருதும் மஞ்சளில், நிறம் கூட்ட ஈயக் குரோமேட்டைக் கலந்ததை வங்கதேசத்தில் 2019-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அரசு கடுமை காட்டியபின் அக்கலப்படம் அடங்கியது. மறுபுறம், முழுக்க முழுக்கக் கனிமமான ஒரு பொருள் தலைமுறை தலைமுறையாக நம் நெற்றியில் ஏறி வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றை அடுத்த சடேரி கிராமத்து நாமக்கட்டிதான் அது. வெண்களிமண்ணைக் கரைத்து, தெளியவைத்து, வண்டலை உலர்த்திக் கட்டியாக்குகின்றனர். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரக்காணத்திலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் நல்ல கனிமமும் பொல்லாத கனிமமும் இரண்டும் முகத்தில் ஏறியிருக்கின்றன.

ஆகவே எங்கள் குழுவின் முடிவு இதுதான். கனிமமா, இல்லையா என்பது தவறான கேள்வி. எந்தக் கனிமம், எவ்வளவு தூயது, யார் சோதித்தது என்பனவே கேட்கத்தக்கவை. ஒப்பனையில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களையும் ஆர்சனிக் சேர்மங்களையும் சேர்ப்பதை இந்திய விதிகள் தடுக்கின்றன. வண்ணப்பொருளில் தற்செயலாகக் கலந்திருக்கும் ஈயம் பத்து இலட்சத்தில் 20 பங்கையும், ஆர்சனிக் 2 பங்கையும் தாண்டலாகாது. இரும்பு ஆக்சைடைத் தோண்டியெடுக்காமல் ஆலையில் செய்வதும், தோண்டியதோடு இவ்விரண்டும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால்தான். தோழி அஞ்சிய 'ரசாயனம்' இங்கே காவலாக நிற்கிறது. பொருட்பட்டியலும் உரிம எண்ணும் உள்ள டப்பாவுக்கு மாறுவதில் தவறில்லை; மூச்சை அடக்கிப் பூசுவதும், பொடியை விடப் பசையைத் தேர்வதும் நன்று. பெயரற்ற பொட்டலங்களில் வரும் வண்ணப்பொடியைக் கூத்தர்கள் வாங்கும் நிலைதான் எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது. சட்டத்தின் அளவுகோல் நகரத்துக் கண்ணாடிக் கடைக்குள் நுழைவதுபோல் கூத்துக் கொட்டகைக்குள்ளும் நுழைய வேண்டும்.

இறுதியாக, அன்று உப்பளத்தில் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையிலும் கழுத்திலும் துண்டைச் சுற்றி, ஒரு பெண்மணி பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். எங்கள் தோழி டப்பாவை நீட்டி, பூசிக்கொள்கிறீர்களா அக்கா என்றார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இன்னா பூசினாலும் வேர்வையோட வழிஞ்சி கண்ணுல எறங்கிடும் கண்ணு. சட்டையும் துண்டுந்தான் எங்களுக்குப் பூச்சு."

துத்தநாகத்தின் காப்பு எவருக்கு முதலில் வேண்டுமோ, அவர் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வியர்வையில் வழியாத, கண்ணில் இறங்காத, அவர் கூலியில் வாங்கத்தக்க ஒரு பூச்சைச் செய்வது அறிவியலுக்கு இயலாத காரியமன்று. எயிற்பட்டினத்துப் பாணனுக்கு மீனும் தேறலும் கொடுத்து வழியனுப்பிய கரைக்கு நாம் பட்டிருக்கும் கடன் இன்னும் தீரவில்லை.