ஒரு தொப்பியும் ஒரு சின்னச் சொல்லும்



"ஹீ கேன் புல் தெட் ஹெட் ஓஃப்." இந்த ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால், "அவரால் அந்தத் தொப்பியைக் கழற்ற முடியும்" என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழையில்லை. ஆனால் ஆங்கிலேயர் பெரும்பாலும் சொல்ல வருவது இதற்கு நேர்மாறு: "அந்தத் தொப்பி எல்லோருக்கும் எடுபடாது, அவருக்கு எடுபடுகிறது." 'கெரி ஓஃப்' என்பதும் அப்படித்தான். 'ஃபிட்' என்றால் அளவு சரி. 'சூட்' என்றால் ஆளுக்குப் பொருத்தம். 'புல் ஓஃப்', 'கெரி ஓஃப்' இரண்டும் உடையை விட உடுத்தவரைப் பற்றியவை. கூச்சமின்றி, நிமிர்ந்து உடுத்தும் தோரணையைச் சொல்பவை.

இந்த 'ஓஃப்' என்ற சின்னச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் உடுப்பதை 'டூ ஒன்' என்றும் கழற்றுவதை 'டூ ஓஃப்' என்றும் சொன்னார்கள். காலப்போக்கில் இவை ஒட்டிச் சுருங்கி 'டொன்', 'டொஃப்' என்று தனிச் சொற்களாகிவிட்டன. 'டொஃப்' இன்று பெரும்பாலும் தொப்பியோடுதான் வருகிறது. காரணம், அவர்கள் வழக்கத்தில் பெரியவர் முன் தொப்பியைக் கழற்றுவதே மரியாதை. ஒருவரை மெச்சினால், "உங்களுக்காக என் தொப்பியைக் கழற்றுகிறேன்" என்பார்கள். கெஞ்சி நிற்பவரை, "தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்" என்பார்கள்.

அந்த மரியாதையை ஏற்காதவர்கள் இங்கிலாந்திலேயே இருந்தார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மனிதருக்காகத் தொப்பி கழற்ற மறுத்தார்கள். 1670 இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரும் கொண்டுவரப்பட்டபோது அவர்களின் தலையில் தொப்பி இல்லை. நீதிமன்றமே அதை மீண்டும் அணிவிக்கச் சொன்னது. பிறகு, தொப்பியோடு நின்றார்கள் என்று தலைக்கு 40 மார்க் அபராதம் விதித்தது. பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர் இதே பென்தான்.

அந்த வழக்கம் ஆட்சியோடு சேர்ந்து இலங்கைக்கும் வந்தது. 1905 இல், சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசர் லயாட் அதை மரியாதைக் குறைவாகக் கண்டு தடுத்தார். எம்மவருக்கோ தலையை மறைத்திருப்பதே மரியாதை. பள்ளிவாசலில் நாம் கழற்றுவது செருப்பை, தொப்பியை அல்ல. துருக்கித் தொப்பிக்கு விளிம்பும் இல்லை, சுஜூதில் நெற்றி தரையில் படத் தடையும் இல்லை.

அந்தத் தொப்பிக்குப் பின்னால் இன்னுமொரு கதை இருந்தது. 1829 இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதை அரச அலுவலர்களின் உடையாக்கினார். 1883 இல் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த எகிப்தின் ஒறாபி பாஷா 1901 வரை எம்மிடையே வாழ்ந்தார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் செய்த ஒருவர் தலையில் இருந்த தொப்பி அது. அவர் காலத்தில் அது எம்மவரிடையே பெருமையின் அடையாளமானது. ஆகவே, "கழற்று" என்ற கட்டளை ஒரு சட்டத்தரணிக்கு மட்டும் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1905 டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் மக்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். கல்லெறியவில்லை. தீர்மானம் எடுத்தார்கள், மனு எழுதினார்கள். பின்னர் தொப்பியோடு வாதாட அனுமதி கிடைத்தது.

இருபது ஆண்டு கழித்து, 1925 இல், துருக்கியே சட்டம் போட்டு அதே தொப்பியைத் தடை செய்தது. அணியச் சொன்னதும் அரசு, கழற்றச் சொன்னதும் அரசு. இங்கோ யாரும் கட்டளையிடாமலே டி. பி. ஜாயா போன்றோர் அதை அணிந்து பொதுவாழ்வில் நிமிர்ந்து நடந்தார்கள். 'கெரி ஓஃப்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

லயாட் கெட்ட மனிதர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தனது வழக்கத்தின் இலக்கணத்தைக் கொண்டு இன்னொருவரின் உடையை வாசித்தார். அதே தவறு எவருக்கும் வரும். இன்று பர்தாவைப் பார்த்து ஒருவர் சொல்வதிலும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் உடையைப் பார்த்து நாம் சொல்வதிலும் அது இருக்கலாம். ஆங்கிலச் சொற்றொடரை சொல்லுக்குச் சொல் வாசித்தால் பொருள் தலைகீழாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மனிதரின் உடையையும் அப்படி வாசிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.