பேரனுக்குக் கட்டிய ஸ்டேஷனும், நான் அளக்க மறந்த வீடும்



லீவுக்கு வந்த பேரன் கூடத்தில் பொம்மை ரயிலை ஓடவிட்டு, "தாத்தா, இதுக்கு ஒரு ஸ்டேஷன் கட்டித் தாங்க" என்றான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, கத்தரிக்கோல், பசை சகிதம் உட்கார்ந்தேன். சின்னசேலம் ஸ்டேஷனை மனதில் வைத்துக் கட்டி முடித்தால், வாசற்கதவு ரயில் பெட்டியைவிட உயரம்! பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பொம்மை ரயிலின் வரலாறும் விளையாட்டாகத்தான் தொடங்கியது. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை வைத்தது. அளவு கணக்கெல்லாம் பின்னால் வந்தவை. இங்கிலாந்தில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கு பரவியது. அதாவது 76-இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் 22 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜ் பாதையே 13 மில்லிமீட்டர்தான். நான் வகுப்பில் நடத்திய அதே விகிதக் கணக்கு!

இந்தக் கணக்கை வரலாறாக மாற்றியவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-இல் இங்கிலாந்து போனவர், கிராமத்துக் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்டார். தடுக்க அவரால் முடியாது. ஆனால் அளக்க முடியுமே! நிஜ வீடுகளை அளந்து, அட்டையில் வெட்டி, வண்ணம் தீட்டினார். 1954-இல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. அங்கே ரயிலைவிட வீடுகளைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு. நம் நாட்டில் புனேயில் பாவு ஜோஷி அமைத்த சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கும் ஓர் ஆசை. கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்தபோது, மழைக்கு ஒதுங்கி ஒரு மாணவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மண்சுவர், புல் கூரை, குனிந்து நுழையும் வாசல். அவன் அம்மா சூடாகக் கேழ்வரகுக் களி தந்தார். அந்த வீட்டை அட்டையில் கட்டலாம் என்று உட்கார்ந்தேன். திண்ணை எத்தனை அடி? கூரை எவ்வளவு சரிவு? தெரியவில்லை. கணக்கு சொல்லித்தந்த வாத்தியார் அளக்கவில்லை! அந்த இடத்தில் இப்போது தளம் போட்ட வீடு. ஒழுகாத வீடு வந்தது நல்லதே. அதில் எனக்கு வருத்தமில்லை. பழையதன் அளவு ஒரு தாளில்கூட இல்லையே என்பதுதான் வருத்தம்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் பழைய வீடு எதுவும் மிச்சமிருந்தால், இடிக்கும் முன் டேப் பிடித்து நீளம், அகலம், வாசல் உயரம், கூரைச் சரிவு குறித்து, நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அட்டை வெட்டுவது என் வேலை. பேரன் பசை தடவுவான்.

இந்த முறை கதவு சரியாக இருக்கும்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்